மிகை என்ற உவமை

1

தமிழ்க் கவிதையில் இதயம் கைபட்டுக் கைபட்டுத் தேய்ந்துபோன உறுப்பு. கண் அதற்கு அடுத்தது. தோள், கை, பாதம், அடிவயிறு எல்லாவற்றுக்கும் ஓரிடம் உண்டு. பயத்தைச் சொல்ல ஈரக்குலை நடுங்குகிறது. பாசத்தைச் சொல்லக் குடல் துடிக்கிறது. சிறுநீரகத்துக்கு மட்டும் ஒன்றுமில்லை. அது காதலிப்பதில்லை, அஞ்சுவதில்லை, கலங்குவதுமில்லை. குண்டிக்காய் என்ற பழைய சொல் கறிக்கடையோடு நின்றுவிட்டது. பைபிளைத் தமிழாக்கியவர்களுக்கு இது ஒரு சங்கடமாகவே இருந்திருக்க வேண்டும். ஹீப்ரு மூலத்தில் பலியிடப்படும் ஆட்டுக்கும் கடவுளால் சோதிக்கப்படும் மனிதனுக்கும் சிறுநீரகத்தைக் குறிப்பது ஒரே சொல்தான். தமிழில் ஆட்டுக்குக் குண்டிக்காய், மனிதனுக்கு உள்ளிந்திரியம் என்றாகிவிட்டது. மனச்சாட்சி குண்டிக்காயில் இருக்கிறது என்று சொல்ல மொழி கூசியது.

கவிதை தீண்டாத இந்த உறுப்பைச் சந்தை தீண்டியது. இதயத்தை எழுதிக்கொண்டிருந்த அதே ஊரில், அதே வருஷங்களில், சிறுநீரகம் விலை பேசப்பட்டது. வில்லிவாக்கத்துக்குக் 'கிட்னிவாக்கம்' என்று ஒரு பட்டப்பெயர் ஏற்பட்டது 1980களின் இறுதியை ஒட்டி. நான் இருக்கும் பாரிவாக்கத்துக்கும் அந்த வில்லிவாக்கத்துக்கும் நடுவே பஸ்ஸில் ஒரு மணி நேரத்துத் தூரம். இரண்டு பெயரிலும் ஒரே வாக்கம்தான். எங்கள் ஊர்ப்பெயரில் உள்ள பாரிக்கும் முல்லைக்குத் தேர் ஈந்த பாரிக்கும் சம்பந்தம் கட்ட எனக்கு விருப்பமில்லை. ஆனால் கொடை, விலை என்ற இரண்டையும் பற்றி யோசிக்க நேர்ந்தபோது அந்தப் பெயர் இடறாமலும் இல்லை.

2

உறுப்பை முதலில் உறுப்பாகவே பார்க்க வேண்டும். உவமைகள் பிறகு வரட்டும்.

முதுகுப்புறம், கடைசி விலா எலும்புகளை ஒட்டி, முதுகெலும்பின் இரு பக்கமும் ஒவ்வொன்று. கைமுஷ்டி அளவு; பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளம்; ஏறக்குறைய 150 கிராம் எடை. கல்லீரல் அழுத்துவதால் வலதுபக்கத்தது சற்றுக் கீழே இறங்கியிருக்கும். இரண்டும் சேர்ந்தாலும் உடல் எடையில் அரை சதவிகிதம் தேறாது. இருந்தும் இதயம் வெளித்தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இவற்றுக்கே போகிறது. ஒவ்வொன்றிலும் சராசரியாகப் பத்து லட்சம் நெஃப்ரான்கள். ஒவ்வொரு நெஃப்ரானின் தலைப்பிலும் பௌமன் கிண்ணம். அதற்குள் நூல்கண்டு போலச் சுருண்ட தந்துகிகள். அங்கே ரத்தம் அழுத்தத்தால் வடிகிறது. அணுக்களும் பெரிய புரதங்களும் தங்கிவிடும். மற்றதெல்லாம், நீரும் உப்பும் சர்க்கரையும் யூரியாவும், வெளியே வந்துவிடும். இப்படி வடிவது ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர். உடலில் உள்ள பிளாஸ்மாவோ மூன்று லிட்டர்தான். அதே மூன்று லிட்டர் நாளைக்கு அறுபது தடவை வெளியே எறியப்படுகிறது.

எறியப்பட்டதில் பெரும்பகுதி திரும்ப எடுத்துக்கொள்ளப்படுகிறது. கிண்ணத்தை அடுத்து வரும் சுருள்குழலிலும் ஹென்லே வளைவிலும் அதற்கப்பாலும் இது நடக்கிறது. சர்க்கரை முழுவதும் திரும்புகிறது. நீரும் உப்பும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது திரும்புகின்றன. மிஞ்சும் ஒன்றரை லிட்டர்தான் சிறுநீர்.

இந்த அமைப்பின் தர்க்கத்தைக் கவனிக்க வேண்டும். சிறுநீரகம் அழுக்கைத் தேடிப்பிடித்து வெளியேற்றுவதில்லை. சிறியதையெல்லாம் முதலில் வெளியே விட்டுவிட்டு, தனக்கு வேண்டியதை அடையாளம் கண்டு திரும்ப வாங்கிக்கொள்கிறது. அயலானது எது என்று அதற்குப் பெரும்பாலும் தெரிய வேண்டியதில்லை. தன்னுடையது எது என்று தெரிந்தால் போதும். முன்னெப்போதும் கண்டிராத ஒரு விஷம் உடலுக்குள் வந்தாலும் அதன் பெயர் தெரியாமலே அதைப் போகவிட முடிவது இதனால்தான். அமெரிக்க உடலியலாளர் ஹோமர் ஸ்மித் 1953-இல் எழுதிய நூலுக்கு 'மீனிலிருந்து தத்துவவாதி வரை' என்று பெயர் வைத்தார். நன்னீருக்கு வந்த மீனிலிருந்து நிலத்தில் நிமிர்ந்து நின்று யோசிக்கும் மனிதன் வரை, கதை முழுவதையும் சிறுநீரகத்தை வைத்தே சொல்லிவிடலாம் என்பது அவர் துணிபு. நாம் எதை உண்கிறோம் என்பதைவிட இந்த உறுப்பு எதை வைத்துக்கொள்கிறது என்பதே நம் ரத்தம் என்னவாக இருக்கிறது என்பதைத் தீர்மானிக்கிறது என்றார். நம் சிறுபத்திரிகை விமர்சனம் நடப்பது இதற்கு நேர்மாறாக. யாரை வெளியேற்றுவது என்பதிலேயே நம் சக்தி எல்லாம் போய்விடுகிறது. எதைத் திரும்ப எடுத்துக்கொள்வது என்ற கேள்விக்கு நாம் வந்து சேர்வதே இல்லை.

இதுவும் உவமைதான். இந்த உவமையால் யாருக்கும் சேதமில்லை. நான் பேச வந்த உவமை வேறு.

3

அந்த உவமை: இரண்டு இருக்கிறது, ஒன்று போதும், ஆகவே ஒன்று மிகை.

கேட்பதற்கு இது கணக்கு மாதிரி இருக்கிறது. உண்மையில் உடலைப் பெட்டியாகவும் உறுப்பைப் பெட்டியில் கிடக்கும் இரண்டாவது வேட்டியாகவும் பார்க்கிற உவமை. கண்ணும் இரண்டுதான். கண்ணப்பர் முதல் கண்ணைத் தோண்டியபோது தனக்கு இன்னொன்று இருக்கிறதே என்று எண்ணிக் கொடுத்ததாக யாரும் கதை சொல்லவில்லை. இரண்டாவது கண்ணுக்கும் அவர் தயாராக, இடம் தவறாமலிருக்கக் காலை ஊன்றி அடையாளம் வைத்தார் என்பதே கதை. ஒரு கண் போனால் போனது முகத்தில் தெரியும். சிறுநீரகம் போனால் தெரியாது, சட்டை மறைத்துவிடும். உறுப்பும் வாய் திறவாது. வடிகட்டும் திறனில் ஏறக்குறையப் பாதி போன பிறகுதான் ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறி நின்று சாட்சி சொல்லும். வீக்கமும் மூச்சிரைப்பும் வருவது அதற்கும் வெகுநாள் கழித்து. முறையிடாத உறுப்பு என்பதால்தான் அது மிகை என்று தோன்றுகிறது. முறையிடாதவர்களைப் பற்றி வீட்டிலும் ஊரிலும் நாம் வைத்திருக்கும் அபிப்பிராயமும் இதே.

நெஃப்ரான்கள் பிறப்புக்கு முன்பே உருவாகி முடிந்துவிடுகின்றன. பிறகு புதிதாக ஒன்றுகூட உண்டாவதில்லை. வயது ஏற ஏறக் குறையவே செய்கின்றன. ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிட்டால் மற்றது பருத்து, முன்பு இரண்டும் செய்த வேலையில் பத்தில் ஏழு பங்கு வரை ஏற்றுக்கொள்கிறது. ஆரோக்கியமானவர், நன்றாகச் சோதிக்கப்பட்டவர், பின்னாலும் வைத்தியரின் கண்காணிப்பில் இருப்பவர் என்றால் நெடுங்காலம் வாழலாம். இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பருத்த அந்த ஒன்று தன் எதிர்காலத்தின் பங்கையும் சேர்த்துச் செலவழித்துக்கொண்டிருக்கிறது. நீரிழிவு வரலாம், ரத்த அழுத்தம் வரலாம், வெயிலில் பன்னிரண்டு மணி நேரம் சித்தாள் வேலை வரலாம். இரண்டாவது சிறுநீரகம் வராத நாட்களின் பொருட்டு வைத்திருக்கும் கையிருப்பு. கையிருப்பும் மிகையும் ஒன்றல்ல.

பாரிவாக்கம் ஏரிக்கரையில் நடந்து பழகியவனுக்கு இது புரியக் கஷ்டமில்லை. ஏரிக்கு மதகு உண்டு, கலங்கல் உண்டு. மதகு வேண்டியபோது திறப்பது. கலங்கல் ஏரி நிறைந்தபின் தானாக வழிவது. மிகை என்பது கலங்கலில் வழிகிற நீர் மட்டுமே. அதுவும் நம் ஏரித் தொடர்களில் வீணல்ல, கீழேயுள்ள ஏரிக்கு வரவு. ஏரியில் பாதி நீர் நிற்கும்போது, இந்தப் போகத்துக்கு இவ்வளவு போதும் என்று கணக்குச் சொல்லிக் கரையை வெட்டுகிறவனை ஊர் சும்மா விட்டதில்லை. கோடை வருமென்று ஊருக்குத் தெரியும்.

4

சந்தைக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1954 டிசம்பரில் பாஸ்டனில் ஜோசப் மரே, ஒருவனின் சிறுநீரகத்தை அவனோடு ஒரே கருவில் தோன்றிய இரட்டைச் சகோதரனுக்கு வைத்து வெற்றி கண்டார். உடல் தன்னைத் தவிர வேறெதையும் ஏற்பதில்லை. அங்கே இருவரும் ஏறக்குறைய ஒரே உடல். இந்தியாவில் 1971-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இது முதன்முதலில் வெற்றி பெற்றது. அக்காலத்தில் ரத்த உறவின் பொருத்தம் பெரிதாக வேண்டியிருந்தது. 1980களில் சைக்ளோஸ்போரின் என்ற மருந்து வந்தது. உடலின் எதிர்ப்பை அது அடக்கியதால் அயலானின் சிறுநீரகமும் உடலில் தங்கியது.

இந்த மருந்தின் விளைவை நாம் போதிய அளவு யோசிக்கவில்லை என்று நினைக்கிறேன். மனிதனுக்கு மனிதன் அயலான் இல்லை என்று தர்மநூல்கள் சொல்லி வந்ததை ரசாயனம் ஓரளவு நிரூபித்துவிட்டது. நிரூபித்த கையோடு, அந்த அயலான் கடன்பட்டவனாக இருந்தால் அவனை வாங்கலாம் என்பதும் நிரூபணமாயிற்று. நகரத்தின் வெளிநாட்டு நோயாளிகளுக்கும் உள்ளூர்ச் செல்வர்களுக்கும் வில்லிவாக்கத்துக் குடிசைகள் கொடுத்தன. 'வெகுமதியோடு கூடிய கொடை' என்று மருத்துவர்கள் சிலர் இதற்கு ஒரு பெயரும் சூட்டினர்.

1994-இல் நாடாளுமன்றம் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தை இயற்றியது. 1995-இல் தமிழ்நாட்டிலும் அது நடைமுறைக்கு வந்தது. விற்பதும் வாங்குவதும் குற்றம். பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தார், கணவன் மனைவி கொடுக்கலாம் என்றது அன்றைய சட்டம். பிறர் கொடுப்பதென்றால் நோயாளியின் மீதுள்ள அன்பினாலோ பற்றினாலோ வேறு விசேஷ காரணத்தாலோ கொடுக்கிறார் என்று ஒரு குழு விசாரித்து அனுமதிக்க வேண்டும். ராஜாங்கம் அன்புக்கு அத்தாட்சி கேட்ட இடம் இது. சந்தை அந்த அத்தாட்சியையும் தயாரித்துத் தந்தது.

5

1996-இல் என் அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டன. வாரத்துக்கு இருமுறை பூந்தமல்லி போய், அங்கிருந்து பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குப் போக வேண்டும். நான்தான் கூடப் போவேன். ஆஸ்பத்திரி எதிரில் டீக்கடையில் ஒருவர் எங்களைக் கவனித்து வந்தார். ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அண்ணனுக்கு ஒரு ஏற்பாடு பண்ணிடலாம் சார். பேப்பர் எல்லாம் நாங்க பாத்துக்குவோம். உங்களுக்கு ஒரு சித்தி பொண்ணு இருந்ததா வெச்சுக்குவமே" என்றார். மறுவாரம் ஒரு பெண்ணை அழைத்து வந்திருந்தார். முப்பது வயதிருக்கும். இடுப்பில் ஒரு குழந்தை. வில்லிவாக்கம் என்றாள். அவர் டீ வாங்க எழுந்து போனபோது அவள் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்:

"உங்க அண்ணனை நான் என்னான்னு கூப்புடணும் சார்?"

குழு கேட்கும்போது தடுமாறக் கூடாதல்லவா? அண்ணன் என்று கூப்பிட வேண்டுமா, மாமா என்றா என்று அவள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள விரும்பினாள். அறுவையைப் பற்றியோ வலியைப் பற்றியோ பணத்தைப் பற்றியோ என்னிடம் கேட்கவில்லை. நான் பதில் சொல்லவில்லை.

அந்த ஏற்பாடு நடக்கவில்லை. தரகர் சொன்ன தொகை எங்களிடம் இல்லாததுதான் காரணம். எங்கள் குடும்பத்தின் ஒழுக்கத்தைப் பற்றி இந்த விஷயத்தில் சொல்ல வேறொன்றுமில்லை. பிறகு தம்பி என்ற முறையில் என்னைச் சோதித்தார்கள். ரத்த வகை பொருந்தியது. திசுவும் ஒத்துவந்தது. ஸ்கேனில் என் சிறுநீரகங்கள் இரண்டிலும் கற்கள் இருந்தன. "நீங்க குடுக்க முடியாது" என்றார் டாக்டர். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றேன். எனக்கு உண்டானது நிம்மதி. துக்கம் பிறகு வந்தது. வரவழைத்துக்கொண்டேன் என்றும் சொல்லலாம். கொடுத்தது அண்ணி.

6

இனி வாதத்துக்கு வரலாம். விற்பனையை ஆதரிப்பவர்களின் வாதம் லேசானதல்ல. அந்தப் பெண் தன் முதுகை, கையை, கர்ப்பத்தை ஏற்கெனவே விற்றுக்கொண்டுதான் இருக்கிறாள். சித்தாள் கூலிக்கும் கந்து வட்டிக்கும் தடை போடாத சட்டம், அவளிடம் மிஞ்சிய ஒரே நல்ல விலைப்பொருளுக்கு மட்டும் தடை போடுகிறது. அண்ணி பாசத்துக்காகக் கொடுக்கலாம். அவள் தன் குழந்தைக்காக ஏன் கொடுக்கக் கூடாது? அதுவும் பாசம்தானே? இன்னொரு பக்கம் நோயாளி செத்துக்கொண்டிருக்கிறான். ஈரானில் 1988 முதல் அரசே முறைப்படுத்திப் பணம் கொடுக்கவில்லையா?

இதற்கு ஒரு பதில் கணக்கிலேயே இருக்கிறது. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை 2001-இல் கண்டு விசாரித்து எழுதிய ஆய்வு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 2002-இல் வெளிவந்தது. அவர்கள் விற்று அப்போது சராசரியாக ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. நூற்றுக்கு 96 பேர் கடனை அடைக்க விற்றவர்கள். கடனுக்காக விற்றவர்களில் நூற்றுக்கு 74 பேர் இன்னும் கடனில் இருந்தார்கள். குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 86 சதவிகிதம் பேர் தங்கள் உடல்நிலை மோசமாகிவிட்டது என்றார்கள். 79 சதவிகிதம் பேர் இன்னொருவருக்கு இதைச் சிபாரிசு செய்ய மாட்டோம் என்றார்கள். விற்றவர்களில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள். 2004 கடற்கோளுக்குப் பின் எர்ணாவூர்க் குடியிருப்புகளில் இதே கதை நடந்தது. 2007-இல் வெளியே வந்தது. 2025-இல் பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளர்களிடம் நடந்து செய்தியானது. ஊர் மாறுகிறது. கடன் மாறுவதில்லை.

ஆனால் பலனை மட்டும் வைத்துப் பேசினால், விலையை உயர்த்திவிட்டால் வாதம் தோற்றுவிடும். ஆகவே இன்னும் ஓரடி உள்ளே போக வேண்டும்.

எது எனக்கு மிகை என்பது ஒரு தீர்ப்பு. சிறுநீரகம் ஒவ்வொரு நிமிஷமும் செய்வது இந்தத் தீர்ப்பைத்தான்: இது போகட்டும், இது இருக்கட்டும். அந்தத் தீர்ப்பு உள்ளிருந்து வர வேண்டும். கடனாளியின் விஷயத்தில் தீர்ப்பு வெளியிலிருந்து வருகிறது. வட்டிக்காரன் தவணை தேதியைச் சொல்கிறான். தரகன் இரண்டில் ஒன்று மிகை என்று சொல்கிறான். அவள் கையெழுத்துப் போடுகிறாள். தனக்கு எது மிகை என்று சொல்லும் அதிகாரத்தை இழந்த பிறகே ஒருத்தி அந்த டீக்கடைக்கு வருகிறாள். சுதந்திரமான விற்பனை என்று இதைச் சொல்வது, கரை உடைந்த ஏரியைக் கலங்கல் போகிறது என்று சொல்வது போல.

இன்னொன்றும் உண்டு. எழுதுகிறவர்களுக்கு இது முக்கியம். அவளிடம் வாங்கப்பட இருந்தது உறுப்பு மட்டுமல்ல. உறவுச் சொல்லும்தான். தமிழில் ஒருவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பது சிறிய விஷயமில்லை. நம் வாழ்க்கை முழுவதும் அதில்தான் நிற்கிறது. அன்பைச் சாட்சியாகக் கேட்ட சட்டம் நல்லெண்ணத்தோடுதான் கேட்டது. அதன் முன் நின்று பொய் சொல்ல வேண்டிய நிலையில் அவளை வைத்தது கடன். காயம் ஆறிய பிறகும் அந்தப் பொய்ச்சொல் அவள் வாயில் இருந்திருக்கும். உண்மையான அண்ணனை அவள் அதே சொல்லால்தான் கூப்பிட்டாக வேண்டும்.

அப்படியானால் அண்ணியின் கொடை சுத்தமானதா? இந்தக் கேள்வியிலிருந்து எனக்குத் தப்ப முடியவில்லை. இந்தியாவில் உயிரோடிருந்து சிறுநீரகம் கொடுப்பவர்களில் பெரும்பான்மை பெண்கள். பெறுபவர்களில் பெரும்பான்மை ஆண்கள். என் கற்கள் வெளிப்பட்ட அன்று மாலை வீட்டில் யாரும் அண்ணியிடம் எதுவும் கேட்கவில்லை. எல்லோரும் மௌனமாக இருந்தோம். அந்த மௌனம் ஒரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. "நான் குடுக்கிறேன்" என்று அண்ணி சொன்னதும் அம்மா அழுதாள். அண்ணியின் பாசத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் மறுக்க முடியாத இடத்தில் வைத்துக் கேட்கப்பட்ட பாசமும் ஒருவிதக் கடன் வசூல்தான். தரகன் பேசிச் செய்ததை நாங்கள் பேசாமல் செய்தோம்.

7

சிபியின் கதையில் ஒரு தராசு வருகிறது. சோழர்கள் தங்கள் முன்னோன் என்று உரிமை கொண்டாடிய சிபி, புறாவின் எடைக்குத் தன் தசையை அறுத்து வைக்கிறான். எவ்வளவு அறுத்தும் தட்டு சமமாகவில்லை. கடைசியில் தானே தட்டில் ஏறுகிறான். அப்போதுதான் முள் நிற்கிறது. இதைக் கொடையின் மகிமை என்றே படித்து வந்தோம். இப்போது எனக்கு அது தராசைப் பற்றிய கதையாகப் படுகிறது. ஓர் உயிருக்கு இன்னோர் உடலின் துண்டு ஈடாகாது என்று அந்தத் தராசு அறிந்திருந்தது. டீக்கடைத் தராசில் துண்டு கச்சிதமாகச் சமமாகிவிடுகிறது.

மிகை என்று உண்மையிலேயே ஒன்று உண்டென்றால் அது செத்தவன் உடல்தான். 1994-ஆம் வருஷச் சட்டம் மூளைச்சாவை மரணமாக ஏற்றது. 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதி, விபத்தில் மூளைச்சாவடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்தார்கள். அதே ஆண்டு தமிழக அரசு இறந்தோர் உறுப்புக்கொடைத் திட்டத்தை முறைப்படுத்தியது. இன்று அது ஓர் ஆணையமாக நடக்கிறது. 2023 முதல் உறுப்பு கொடுத்தவர் உடலுக்கு அரசு மரியாதை. இங்கே கொடுப்பவனுக்குக் கடன் இல்லை. வாங்குகிறவனை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்ற கேள்வியும் இல்லை. அன்புக்கு அத்தாட்சி தேவைப்படாத இடம். ஆனால் தீர்ப்பு சொல்ல வேண்டியவர்கள் இன்னும் நெஞ்சு ஏறி இறங்குகிற ஓர் உடலின் முன்னால் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. அது எளிது என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை. காத்திருப்பவர்கள் எண்ணிக்கைக்கு இது போதவும் இல்லை. போதாத இடத்தில்தான் டீக்கடைக்காரர் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்.

அண்ணன் பதினோரு வருஷம் இருந்தான். 2007-இல் ஏரிக்கரைச் சுடுகாட்டில் எரித்தோம். அண்ணி கொடுத்த சிறுநீரகமும் அவனோடு எரிந்தது. அது யாருடையது என்று அன்று யாரும் கேட்கவில்லை. அண்ணி இப்போதும் பாரிவாக்கத்தில் அதே வீட்டில் இருக்கிறாள். சென்ற ஐப்பசியில் போயிருந்தபோது குடத்தை இறக்கி வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வலிக்குதா அண்ணி?" என்றேன். "மழைக்காலத்துல கொஞ்சம் இழுக்கும். நீ தண்ணி நெறையக் குடி, உனக்குக் கல்லு இருக்குதே" என்றாள். உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

வில்லிவாக்கத்துப் பெண்ணின் கேள்விக்கு அன்று நான் ஏதாவது ஒரு பதில் சொல்லியிருக்கலாம். தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம்.